வாராக்கடன்

தோல்பாவைக் கூத்து பார்த்தவர்களுக்கு உச்சிக்குடும்பனையும் உளுவத்தலையனையும் தெரியாமல் இருக்காது. எங்கள் நாஞ்சில் நாட்டுப் பக்கம் ராமாயணக் கூத்து பத்து நாள் நடக்கும். வெள்ளைத் திரைக்குப் பின்னால் ஒரே ஆள் உட்கார்ந்து, ராமன், சீதை, ராவணன், அனுமன் எல்லாருக்கும் தானே குரல் கொடுத்து, பாவைகளையும் ஆட்டுவார். நடுநடுவே இந்த இரண்டு கோமாளிகளும் வந்து விழுவார்கள். அவர்கள் பேசுகிற பேச்சில் பாதியை இங்கே அச்சடிக்க முடியாது. அவ்வளவு பச்சை. கூட்டம் ராமனைக் கும்பிடும், சிரிப்பது இவர்களுக்குத்தான்.

அந்தக் கலைஞர்கள் ஊர் ஊராகப் போய்க் கூடாரம் போட்டுப் பிழைத்த கதையை அ.கா. பெருமாள் போன்ற ஆய்வாளர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். படித்தால் மனசு கனக்கும். சினிமாவும் டி.வி.யும் வந்தது அவர்கள் நொடித்ததற்கு ஒரு காரணம். ரசிப்பதை ஒரு கணக்கிலும், கொடுப்பதை வேறு கணக்கிலும் நாம் எழுதி வந்தது இன்னொரு காரணம்.

இந்த வழக்கம் கூத்தோடு போய்விட்டதா என்றால், இல்லை. வடசேரி பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிற ஒரு தம்பியைத் தெரியும். கேம் பைத்தியம். அதிலும் 'ஏ' சர்டிபிகேட் சமாச்சாரம். எங்கோ வெளிநாட்டில் ஒருவனோ, இரண்டு பேரோ, பெரிய கம்பெனி எதுவும் இல்லாமல், ராத்திரி பகலாக உட்கார்ந்து படம் வரைந்து, கதை எழுதி, புரோகிராம் போட்டு உருவாக்குகிற வயது வந்தோருக்கான விளையாட்டுகள். மாசா மாசம் புது அத்தியாயம் வரும். தம்பிக்கு அதில் வருகிற ஒவ்வொரு பாத்திரத்தின் பூர்வீகமும் அத்துப்படி. "காசு கட்டித்தானே ஆடுறே?" என்று கேட்டேன். என்னை வேற்றுக்கிரகவாசி மாதிரி பார்த்தான்.

"அண்ணாச்சி, சும்மா கெடைக்கத எதுக்குக் காசு குடுத்து வாங்கணும்? நான் ஒருத்தன் எடுத்தா அவனுக்கு என்ன கொறஞ்சிரப் போவுது?"

பதில் சொல்லக் கஷ்டமான கேள்விதான். கனகமூலம் சந்தையில் ஒரு மட்டிக் குலையைச் சொல்லாமல் தூக்கிக்கொண்டு போனால் வியாபாரிக்கு ஒரு குலை குறையும். கம்ப்யூட்டர் சரக்கு அப்படியில்லை. ஆயிரம் பேர் பிரதி எடுத்தாலும் அசல் அப்படியே இருக்கும். ஆனால் பி.காம். படித்தவனுக்கு இதில் ஒரு ஓட்டை தெரியும். ஆயிரத்தோராவது பிரதிக்குச் செலவே இல்லை, சரி. முதல் பிரதிக்கு ஆன செலவு யார் தலையில்? ஒருவன் இரண்டு வருஷம் சாப்பிட்ட சோறு, கட்டிய வாடகை, கரண்ட் பில் எல்லாம் அந்த முதல் பிரதியில்தான் இருக்கிறது. எல்லோரும் 'எனக்கு ஆயிரத்தோராவது போதும்' என்று வரிசையில் பின்னால் போய் நின்றால் முதல் பிரதியே பிறக்காது.

தம்பி விடவில்லை. அடுத்து வெட்கத்தைச் சொன்னான். கார்டு போட்டால் பேங்க் ஸ்டேட்மெண்டில் பெயர் வரும். அப்பா பார்ப்பார், நாளைக்குப் பெண்டாட்டி பார்ப்பாள். இதில் உண்மை உண்டு. நம் ஊரில் மட்டும் இல்லை, உலகத்துக்கே அந்த வெட்கம் இருக்கிறது. 2025 ஜூலையில் ஸ்டீம் என்கிற பெரிய கேம் கடை, பணப் பரிவர்த்தனைக் கம்பெனிகளின் நெருக்கடியால் இப்படிப்பட்ட விளையாட்டுகள் சிலவற்றை எடுத்தெறிந்தது. சின்னத் தயாரிப்பாளர்களின் புகலிடமான இட்ச் தளம், தேடினால் கிடைக்காதபடி ஆயிரக்கணக்கானவற்றை மறைத்து வைத்தது. வேடிக்கை என்னவென்றால், அங்கே முதலில் வெளிச்சத்துக்குத் திரும்பியவை இலவச விளையாட்டுகள். சும்மா கொடுத்தால் பரவாயில்லை. காசு கேட்டால்தான் சங்கடம்!

ஆனால், வெட்கம்தான் காரணமா? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு காலத்தில் பஸ் ஸ்டாண்டு புத்தகக் கடைகளில் சரோஜாதேவி புத்தகம் விற்றது. தொங்கவிட மாட்டார்கள். கேட்டால் அடியிலிருந்து எடுத்து, பேப்பரில் சுற்றித் தருவார்கள். கத்திரிக்காய்க்கு எட்டணா பேரம் பேசுகிற மனுஷன் அங்கே சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு, மீதிச் சில்லறையைக்கூட எண்ணாமல் நழுவுவான். அன்றைக்கும் இதே வெட்கம்தான். அந்த வெட்கம் அவனைப் பேரமில்லாமல் காசு கொடுக்க வைத்தது. இன்றைக்கு அதே வெட்கம் காசு கொடுக்காமல் இருக்கக் காரணமாகிறது. மாறியது மனசு இல்லை, வசதிதான். அன்றைக்குக் காசு கொடுக்காமல் புத்தகம் கைக்கு வராது. இன்றைக்கு வரும். மிச்சமெல்லாம் நாம் பிறகு தேடிக்கொண்ட சமாதானம்.

மூன்றாவதாகச் சொன்னது கொஞ்சம் வலுவான வாதம். "மாசா மாசம் துட்டு வாங்குகான் அண்ணாச்சி, ஆனா முடிக்கவே மாட்டான். முடிச்சா வரும்படி நின்னு போவும்லா?" 2013-ல் பேட்ரியான் வந்த பிறகு, ரசிகர்கள் மாதாமாதம் படியளக்கும் முறை உலகம் முழுக்கப் பரவியது. வேலை முடியாமல் இழுத்தால் வருமானம் தொடரும் என்கிற ஆபத்து அதில் நிஜமாகவே இருக்கிறது. நமக்கு இது புதுசும் இல்லை. சிற்றிதழுக்குச் சந்தா கட்டிவிட்டு, இரண்டு இதழோடு பத்திரிகை படுத்துக்கொள்ள, மீதிக்கு வானத்தைப் பார்த்தவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். சுந்தர ராமசாமி 1988-ல் நாகர்கோவிலில் இருந்து தொடங்கிய காலச்சுவடே நடுவில் நின்று, 1994-ல்தான் மறுபடி வந்தது. சிவகாசியின் லயன், முத்து காமிக்ஸ்காரர்களுக்கும் இடைவெளிகள் விழுந்தன. 2012-க்குப் பிறகு அவர்கள் மறுபடி எழுந்து நின்றதில், முன்பணமாக ஆண்டுச் சந்தா கட்டிய ரசிகர்களுக்குப் பங்கு உண்டு. நாற்பது, ஐம்பது வயசில் காமிக்ஸா என்று வீட்டில் கேலி செய்வார்கள் என்று தெரிந்தும் கட்டினார்கள்.

ஏமாற்றுகிறவனுக்குப் பணத்தை நிறுத்தலாம். அது வாடிக்கையாளரின் உரிமை. ஆனால் நிறுத்துவதற்கு முதலில் கொடுத்திருக்க வேண்டாமா? சந்தா கட்டியவன் கோபப்பட்டால் நியாயம் இருக்கிறது. ஒரு பைசா கட்டாதவன் 'இந்த மாசம் லேட்' என்று திட்டுவது, பந்தியில் அழையாமல் உட்கார்ந்து பாயசம் தித்திப்பு போதாது என்கிற கதை.

காலேஜில் வணிகச் சட்டம் என்று ஒரு பேப்பர் உண்டு. 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், 70-வது பிரிவு. இனாமாகத் தரும் எண்ணம் இல்லாமல் ஒருவர் முறைப்படி உங்களுக்கு ஒன்றைச் செய்து, அதன் பலனை நீங்கள் அனுபவித்தால், ஈடு செய்யக் கடமைப்பட்டவர் நீங்கள். கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் தேவையில்லை. கேம் ஆடுகிற தம்பியைக் கோர்ட்டுக்கு இழுக்க நான் இதைச் சொல்லவில்லை. அந்த நியாயத்தை மட்டும் கவனியுங்கள். கடன் பிறப்பது கையெழுத்தில் இல்லை, அனுபவித்ததில். அவனே மனமுவந்து இலவசமாக விட்டது பரிசு. அதற்குப் பாக்கி இல்லை. விலை வைத்ததைக் குறுக்கு வழியில் எடுத்ததற்குப் பாக்கி உண்டு.

வடசேரியில் பரதநாட்டியக்காரர்களுக்குக் கோயில் நகை செய்கிறார்கள். புவிசார் குறியீடு வாங்கிய கைவேலை. சிவப்புக் கல்லை ஒவ்வொன்றாகப் பதிக்கிற பொறுமைக்குக் கூலி கொடுக்க யாரும் வெட்கப்படுவதில்லை. மேடையில் போட்டுக்கொண்டு நிற்கலாமே! இருட்டில் ரசிப்பதைச் செய்தவனுக்கும் கண் வலிக்கும், முதுகு நோகும். கௌரவத்தைப் பார்த்துக் கூலியை முடிவு செய்தால் அது கூலி இல்லை, நம் விளம்பரச் செலவு.

இப்படிப்பட்ட விளையாட்டே தப்பு என்று நினைப்பவர்கள் ஆடாமல் இருக்கலாம். அது ஒரு நேர்மை. ஆடுகிறவர்கள் கொடுக்கலாம். அது இன்னொரு நேர்மை. நிஜமாகவே கையில் காசு இல்லாத மாணவன், 'இப்போ முடியலை, பாக்கி இருக்கு' என்று மனசில் குறித்து வைத்துக்கொண்டு, வேலை கிடைத்ததும் தீர்க்கலாம். அதையும் நான் நேர்மையில்தான் சேர்ப்பேன். விடிய விடிய ஆடிவிட்டு, 'இந்தக் கருமத்துக்குக் காசு வேற கொடுக்கணுமாக்கும்' என்று காலையில் சொல்வதற்குத்தான் பெயர் தெரியவில்லை.

கணக்குப் புத்தகத்தில் வாராக்கடன் என்று ஒரு தலைப்பு உண்டு. இனி வராது என்று எழுதித் தள்ளிவிடுவது. அப்படி எழுதுகிற உரிமை கொடுத்தவனுக்குத்தான் இருக்கிறது. வாங்கியவன் அதைத் தன் நோட்டில் எழுதிக்கொள்ள முடியாது.