தோற்பதற்கும் ஓர் இடம்

பள்ளி நூலகத்தில் விளையாட்டு நுழைவதை நாம் எளிதில் ஏற்பதில்லை. அமைதி குலையும் என்கிறோம். நூலின் மதிப்புக் குறையும் என்கிறோம். ஏற்போரும் அதனைக் கசப்பு மருந்தின்மேல் தடவிய தேனாகவே கருதுகின்றனர். இரு சாராரும் ஒன்றில் உடன்படுகின்றனர்: கற்றல் கசப்பது, விளையாட்டு வெறும் பொழுதுபோக்கு. இந்த உடன்பாடு சரிதானா?

வற்புறுத்திப் புகட்டிய கல்வி உள்ளத்தில் நிலைப்பதில்லை என்கிறார் பிளேட்டோ, தம் ‘குடியரசு’ நூலில். குழந்தைகளை விளையாட்டின் வழியே பயிற்றினால், அவரவர் இயல்பான நாட்டம் புலப்படும் என்பது அவர் கருத்து. அங்கே விளையாட்டு தூண்டில் அன்று. குழந்தையை நாம் அறிந்துகொள்ளும் வழி.

நூலகத்துக்குள்ளேயே ஒரு விளையாட்டைப் பார்ப்போம். மெல்வில் டியூயி 1876-இல் வெளியிட்ட பகுப்பு முறையைப் பல பள்ளி நூலகங்கள் பின்பற்றுகின்றன. அதில் பறவை நூல்களுக்குரிய எண் 598. அந்த எண்ணை ஒரு சீட்டில் எழுதிச் சிறுமியின் கையில் கொடுத்து, ‘தேடிக் கண்டுபிடி’ என்றால் போதும், அலமாரிகள் காடாகிவிடும். ஓர் எண் தவறி 597-இல் நின்றாளாயின், மீன்கள் அவளை எதிர்கொள்ளும். தேர்வுத் தாளில் சிவப்பு மையால் சுழிக்கப்படும் பிழை, இங்கே புதியதொரு நூலின் வாயிலாகிறது.

நம் பாட்டிமார் ஆடிய பல்லாங்குழியும் இதையே சொல்கிறது. காய்களை இழந்தவர் ஆட்டத்தைவிட்டு விலக்கப்படுவதில்லை. எஞ்சிய காய்களால் நிரப்பக்கூடிய குழிகளோடு அடுத்த சுற்றைத் தொடங்குகிறார். இழந்ததை மீட்கும் வாய்ப்பும் அவருக்கு உண்டு.

ஆனால் நம்மிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. எதைத் தொட்டாலும் அதற்கு மதிப்பெண் இடுகிறோம். நூலக விளையாட்டிலும் முதல் மூவர் பெயரைப் பலகையில் எழுதத் தொடங்கினால், அது வேறு உடை அணிந்த தேர்வாகவே முடியும். விளையாட விரும்பாமல் மூலையில் அமர்ந்து வாசிக்கும் குழந்தையையும் கட்டாயப்படுத்தலாகாது. கட்டளையால் ஆடுவது ஆட்டமாகாது.

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளுள் ஒன்று, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது. ‘ஒவ்வொரு’ என்ற சொல்லில் வெல்பவரும் தோற்பவரும் ஒதுங்கி நிற்பவரும் அடங்குவர்.

எனவே, நூலகத்தில் விளையாடலாமா என்பதைவிட, நாம் நம்மையே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: நம் பிள்ளைகளை எவரோடும் ஒப்பிடாமல், எந்த அளவுகோலும் வைக்காமல், வாரத்தில் ஒரு மணி நேரமேனும் விட்டுவைக்க நமக்கு மனம் இருக்கிறதா?