பெத்தவளுக்கு ஒரு பத்திரம்

'சும்மா ஒரு ஃபார்மாலிட்டிதாம்மா!'

இப்படிச் சொல்லித்தான் இன்றைக்குப் பாதிக் கையெழுத்துகள் வாங்கப்படுகின்றன. போடுகிறவர் படிப்பதில்லை; வாங்குகிறவர் விளக்குவதில்லை. 'சும்மா' என்ற சொல்லுக்குள் எவ்வளவு பெரிய பாரம் ஒளிந்திருக்கிறது என்று கொஞ்சம் பார்ப்போமா?

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற வழியைப் பார்த்திருப்பீர்கள். கரிசல் காடு. வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் பருத்தி, மல்லி, சோளம். பொய்த்தால் சீமைக் கருவேலம். அந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், கணவரை இழந்து தனியாக இருக்கும் ஒரு தாயை நினைத்துக்கொள்ளுங்கள். மகன் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டான். 'இனிமே நீ ஒத்தையில கெடக்க வேணாம்மா, இங்க வந்துரு' என்கிறான். விசாவுக்கு மனுப் போட்டாயிற்று. அடுத்து ஒரு படிவம் வருகிறது. பெயர், ஐ-864. வருமான வரிக் கணக்கு, சம்பளச் சீட்டு எல்லாம் இணைத்து, 'என் தாயை நான் காப்பாற்றுவேன்' என்று அமெரிக்க அரசாங்கத்துக்கு மகன் எழுதிக் கொடுக்க வேண்டும்.

கேட்டதும் அந்தத் தாய் என்ன சொல்வார்?

'ஏய்யா... பெத்தவளுக்குக் கஞ்சி ஊத்துறதுக்குமா பத்திரம் எழுதிக் குடுக்கணும்?'

நியாயமான கேள்வி. பாசம் இருக்கிற இடத்தில் கணக்கு எதற்கு?

ஆனால், ஒன்றை யோசித்துப் பாருங்கள். நம் ஊர்க் கல்யாண வீட்டில் மொய் நோட்டு எழுதுகிறோமே, அது பாசம் இல்லாமலா? தாய்மாமன் செய்தது, பங்காளி செய்தது, பக்கத்து ஊர்க்காரர் செய்தது எல்லாம் பேர் பேராக எழுதியிருக்கும். இருபது வருஷம் கழித்துக்கூட அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் பதில் மொய் செய்யக் கிளம்புவார்கள். செய்தவரை மறந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிற கணக்கு அது.

அவ்வளவு ஏன்? திருச்சுழியில் 1879-ல் பிறந்த வேங்கடராமன், பின்னாளில் ரமண மகரிஷி. 1896-ல் மதுரையில் வீட்டை விட்டுத் திருவண்ணாமலைக்குக் கிளம்பியபோது, அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்கான ஐந்து ரூபாய் அவர் கையில் இருந்தது. வழிச்செலவுக்கு மூன்று ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டார். மீதி இரண்டு ரூபாயை வைத்துவிட்டு, கட்டணம் கட்டவில்லை, தன்னைத் தேடிச் செலவு செய்யவும் வேண்டாம் என்று சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போனார். எல்லாவற்றையும் துறந்து போகிற பிள்ளையே, தன்னால் இன்னொருவருக்கு நஷ்டம் வந்துவிடக் கூடாது என்று கணக்குச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அக்கறை இருக்கிற இடத்தில்தான் கணக்கும் இருக்கும்.

சரி, அந்தப் படிவம் என்னதான் கேட்கிறது?

மகன், மனைவி, இரண்டு குழந்தைகள், வரப்போகும் அம்மா. ஆக ஐந்து பேர். 2025-ஆம் ஆண்டு அளவுகோல்படி, வருஷத்துக்குச் சுமார் 47,000 டாலர் வருமானம் காட்ட வேண்டும். அந்த நாட்டு வறுமைக்கோட்டு அளவில் அது 125 சதவிகிதம். வருமானம் குறைந்தால் சொத்தைக் காட்டலாம். ஆனால், குறைகிற தொகையைப் போல ஐந்து மடங்கு காட்ட வேண்டும். அம்மாவின் பேரில் இருக்கும் நிலத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால், அது ஒரு வருஷத்துக்குள் காசாக்கக் கூடியதாக இருக்க வேண்டும். கூட்டுப் பட்டாவில் கிடக்கிற நாலு ஏக்கர் மானாவாரிக் காட்டை ஒரு வருஷத்துக்குள் விற்பதா? நம்ம ஊர் வி.ஏ.ஓ.வைக் கேட்டால் சிரிப்பார்!

இங்கேதான் சபலம் தலை நீட்டும். நண்பர்களிடம் கைமாற்று வாங்கிக் கணக்கில் போடு. பேங்க் ஸ்டேட்மென்ட் எடு. விசா வந்ததும் திருப்பிக் கொடு. 'எல்லாரும் செய்யுறதுதானப்பா' என்று யோசனை சொல்ல நாலு பேர் வருவார்கள்.

இதில் ஏமாறுவது யார்? விசா அதிகாரியா? பொய்யான விவரம் தருவது சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம். அதை விடுங்கள். அந்தப் படிவம் கேட்கிற உண்மையான கேள்வி, 'உன்னிடம் எவ்வளவு இருக்கிறது?' என்பது அல்ல. 'இவரை உன்னால் சுமக்க முடியுமா?' என்பதுதான். அதற்குப் பொய்யாகப் பதில் எழுதினால், அதை நம்பி வீட்டைப் பூட்டிவிட்டு, ஆட்டையும் மாட்டையும் விற்றுவிட்டு விமானம் ஏறுகிறவர் யார்? உங்கள் அம்மாதான். தெரியாத ஊரில், பாஷை புரியாத ஆஸ்பத்திரியில், மருந்துச் செலவுக்குக் காசு இல்லாமல் நிற்கப் போகிறவரும் அவர்தான்.

இன்னொரு வழியும் உண்டு. கூட்டு ஸ்பான்சர். 'அண்ணே, ஒரு கையெழுத்துதாண்ணே. மத்ததை நான் பாத்துக்கிறேன்' என்று தெரிந்தவரைக் கேட்பது. கேட்பதில் தப்பில்லை. மறைப்பதுதான் தப்பு. அந்தக் கையெழுத்து, நம் ஊர் ஜாமீன் கையெழுத்தைப் போல. அடுத்தவர் கடனுக்கு ஜாமீன் போட்டுவிட்டுத் தன் நகையை விற்றவர் கதை ஊருக்கு ஒன்று இருக்கிறதே! ஐ-864 இன்னும் நீளமானது. வருகிறவர் குடியுரிமை பெறும் வரை, அல்லது சுமார் பத்து வருஷ உழைப்பு அவர் கணக்கில் சேரும் வரை, அல்லது அந்த நாட்டைவிட்டே போகும் வரை, அல்லது அவர் ஆயுள் முடியும் வரை பொறுப்பு தீராது. நடுவில் வேலை போனாலும் போகாது. குறிப்பிட்ட அரசு உதவிகளை அவர் வாங்கினால், அந்தப் பணத்தைக் கையெழுத்துப் போட்டவரிடம் அரசு கேட்கலாம். மருமகளின் சம்பளத்தையும் சேர்த்துக் காட்டினால், அவரும் தனியாக ஒரு கையெழுத்துப் போட வேண்டும். 'இங்க ஒரு சைன் போடு' என்று பேனாவை மட்டும் நீட்டாமல், அவரை உட்கார வைத்து விவரம் சொல்கிறோமா?

காகிதத்தைக் கண்டு நம் கிராமத்து ஜனங்கள் மிரளுவதற்குப் பழைய காரணம் ஒன்றும் இருக்கிறது. இந்த மண் அடங்கியிருந்த பழைய ராமநாதபுரம் மாவட்டத்திலிருந்தும் பக்கத்துச் சீமைகளிலிருந்தும் பஞ்சம் பிழைக்க இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் ஏராளம். அழைத்துப் போன கங்காணி பல சமயம் சொந்தக்காரராகவே இருப்பார். வழிச்செலவு, முன்பணம் எல்லாம் போனவரின் பேரில் கடனாக ஏறும். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமா? 'இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆளை விடுவிக்கிறேன்' என்று துரை ஒரு சீட்டு எழுதித் தருவார். அதற்குப் பேர் 'துண்டு'. 1921-ல் சட்டம் போட்டுத்தான் அதை ஒழித்தார்கள்.

இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். துண்டில், கூட்டிப் போகப்பட்டவர் பேரில் கடன். ஐ-864-ல், கூப்பிடுகிறவர் பேரில் கடன். அழைக்கிறவன் சுமக்கட்டும், வருகிறவர் நிமிர்ந்து வரட்டும் என்கிறது இது. அப்படியானால் இது அம்மாவுக்கு அவமானமா, மரியாதையா?

பணத்தை வைத்துப் பாசத்தை அளக்கிற சட்டம் என்று இதைக் குறை சொல்லலாம். அதில் உண்மை உண்டு. சம்பளம் குறைந்த மகனுக்கும் அம்மா அம்மாதான். ஆனால், எழுதாமல் விட்ட கடமைகள் நம் ஊரில் என்ன ஆயின? பெற்றோரைப் பராமரிக்க 2007-ல் இந்தியாவில் தனிச் சட்டமே போட வேண்டி வந்தது. பிள்ளை சோறு போடவில்லை என்று வயதான தாய் மனுவை எடுத்துக்கொண்டு கோட்டாட்சியர் அலுவலகப் படியேற வேண்டியிருக்கிறது. இவர்களில் யாருக்கும் பிள்ளை பத்திரம் எழுதித் தரவில்லை. 'பாசம் இருக்குல்ல' என்றுதான் எல்லோரும் நம்பினார்கள்.

பாசம் பொங்குகிற நாளில் பத்திரம் தேவையில்லை. சம்பளம் குறைந்து, உடம்பு அலுத்து, வீட்டில் முகங்கள் சுளிக்கிற நாள் ஒன்று வரும். அந்த நாளுக்காகத்தான் பத்திரம். வாக்குக் கொடுப்பது என்பதே அந்த நாளை நினைத்துத்தான்.

ஆகவே, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளே, கையெழுத்துப் போடும் முன் அம்மாவிடம் முழுக் கணக்கையும் சொல்லுங்கள். சம்பளம் இவ்வளவு, வீட்டுக் கடன் இவ்வளவு, உனக்கு மருத்துவக் காப்பீட்டுக்கு இவ்வளவு ஆகும் என்று சொல்லுங்கள். போதவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். 'ரெண்டு வருஷம் பொறும்மா' என்றால், மழைக்காகக் காத்திருந்தே பழகிய கரிசல் காட்டுத் தாய்க்கு அது புரியாதா என்ன? இல்லாததை இருப்பதாகக் காட்டினால்தான் அவருக்குத் தாங்காது.

அடுத்த முறை யாராவது 'சும்மா ஒரு கையெழுத்து' என்று பேனாவை நீட்டினால், அந்தக் காகிதத்தில் யார் பேரில் கடன் எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். உங்கள் பேரில் என்றால், சுமக்க முடியுமா என்று உங்களையே கேளுங்கள். முடியும் என்றால், சந்தோஷமாகப் போடுங்கள்.