கற்பிக்கும் பொறியும் கற்போர் மாண்பும்

கைத்தொழிலை மனிதர் மனிதரிடமிருந்தே கற்று வந்தமை தொன்றுதொட்ட வழக்கு. ஆசான் அமர்ந்த அவ்விடத்தில் இன்று பொறியும் வந்து அமர்கின்றது. ஹோட்டல் அறைகளைத் துப்புரவு செய்து ஒழுங்குபடுத்தும் பணியாளரைத் தொடுதிரைகளாலும், கண்ணில் அணியும் மெய்நிகர்க் கருவிகளாலும் பயிற்றும் முயற்சிகள் தோன்றியுள்ளன. பயில்வோரின் செயலுக்கேற்ப மறுமொழி தரும் இவ்விடைவினைத் தொழினுட்பம் பயனுடையதா என்பது முகாமையாளரின் வினா. அதனை எவ்வாறு அமைத்தல் நீதியாகும் என்பது அறவியலின் வினா. பின்னையதே ஈண்டு ஆராயப்படுகின்றது.

முதற்கண் இப்பணியின் இயல்பை நோக்குதல் வேண்டும். அறையை ஒழுங்கு செய்தல் எவரும் செய்யத்தக்க எளிய வேலை என்னும் எண்ணம் பரவலானது. உண்மையில், பாரமான மெத்தையின் மூலையை உயர்த்தி விரிப்பைச் செருகுதல், குளியலறைச் சுவரின் மேற்பகுதியை எட்டித் துடைத்தல், நிரம்பிய தள்ளுவண்டியைக் கம்பளத் தரையில் தள்ளிச் செல்லுதல் ஆகியன முதுகையும் தோளையும் வருத்துவன. கழிவறைக்குரிய துணி குடிநீர்க் குவளையைத் தீண்டலாகாது. மேலிருந்து கீழாகத் துடைக்காவிடின், துடைத்த இடத்திலேயே தூசி மீண்டும் படியும். இவை விதிகளாகச் சொல்லத்தக்கன. ஆனால், மேசைமீது கிடக்கும் கசங்கிய கடதாசி குப்பையா, விருந்தினர் பேணும் குறிப்பா என்று துணிவதற்கு விதி போதாது. அங்கு அனுபவத்தால் முதிர்ந்த கண்ணே வழிகாட்டுகின்றது.

கில்பேட் றைல் 1949 இல் வெளியிட்ட தமது நூலில், இன்னது என அறிதலையும் இவ்வாறு செய்ய அறிதலையும் வேறுபடுத்தினார். விதிகளை மனத்துள் ஓதிய பின்னரே கை தொழிற்படுகின்றது என்னும் கொள்கையை அவர் மறுத்தார். மைக்கல் பொலான்யி, சொல்லில் முற்றாக அடங்காத அறிவைப் பற்றி 1966 இல் வெளிவந்த நூலில் விளக்கினார். இவ்வாதங்களை ஏற்பின், ஒரு முடிவு பெறப்படும். பயிற்சிப் பொறியை வடிவமைப்பவர் அதனுள் இடும் செயலறிவு அவர் ஈட்டியதன்று. ஆண்டுக்கணக்காக அறைகளில் உழைத்தோர் ஈட்டியது. அவர்களைக் கேளாது வரைந்த பயிற்சி, அறிவின் ஓட்டினை மட்டுமே வழங்கும்.

வேலையைத் திட்டமிடும் பொறுப்பை முகாமைக்கும், நிறைவேற்றும் பொறுப்பைத் தொழிலாளிக்கும் பகிர்ந்தளித்தவர் பிரெடரிக் டெய்லர். 1911 இல் அவர் முன்வைத்த இக்கோட்பாடு தொழிலாளியின் திறனையே பறிக்கின்றது என ஹரி பிரேவர்மன் 1974 இல் கண்டித்தார். இடைவினைப் பொறி இப்பிளவை ஆழமாக்கவும் கூடும்; குறைக்கவும் கூடும். ஒரே ஒழுங்கை விதித்து, அதினின்று விலகும் ஒவ்வோர் அசைவையும் பிழையென எண்ணும் பொறி முன்னையதைச் செய்யும். காரணத்தை விளக்கி, வழியைத் தேர்ந்துகொள்ளவிடும் பொறி பின்னையதைச் செய்யும்.

இவற்றினும் நுண்ணிய இடர் ஒன்றுண்டு. மறுமொழி தரும் பொறி பதிவும் செய்யவல்லது. ஒருவர் எத்தனை நிமிடம் எடுத்தார், எவ்விடத்தில் தடுமாறினார் என்பன தரவுகளாகத் தேங்கும். அவை பிற்காலத்தில் வேலைநீக்கத்துக்குச் சான்றாகுமாயின், ஆசான் ஒற்றனாகிவிடுகின்றான். தவறிழைக்க அஞ்சும் இடத்தில் கல்வி நிகழாது. மனிதரை ஒருபோதும் வெறும் கருவியாகக் கொள்ளலாகாது என 1785 இல் இமானுவேல் கான்ற் வகுத்த நெறி இங்கு பொருந்துவதாகும்.

செலவிடுபவர் முதலாளி, தூய்மை விருந்தினரின் உரிமை, ஆகவே அளவிடுதல் நியாயமன்றோ என வினவலாம். இவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. முடிந்த வேலையைச் சோதிப்பதும், முன்கூட்டி அறிவித்துத் திறனை மதிப்பிடுவதும் முறையே. பயிலும் வேளையில் நேர்ந்த தடுமாற்றத்தைச் சேமித்துப் பயமுறுத்துவது அவ்வகையைச் சாராது. அதனால் விருந்தினரின் தூய்மை ஓரணுவும் கூடுவதில்லை.

2020 இல் ஹில்டன் நிறுவனம், அலுவலகத்தில் பணிபுரிவோர் ஹோட்டல் வேலையை உணருமாறு மெய்நிகர்ப் பயிற்சியைக் கையாண்டது. மேலுள்ளோர் கீழுள்ளோரின் பணியைக் கற்றல் வரவேற்கத்தக்கதே. எனினும், மெய்நிகர் மெத்தைக்குப் பாரம் இல்லை. அதன் பாரத்தைச் சொல்லவல்லவர் தூக்கியவரே. கலிபோர்னியாவில் யுனைற் ஹியர் தொழிற்சங்கத்தின் வேண்டுகோளைத் தொடர்ந்து உருவாகி 2018 யூலையில் நடைமுறைக்கு வந்த விதி இவ்வுண்மையை ஏற்கின்றது. அறைப் பணியாளரின் தசை, எலும்பு உபாதைகளைத் தடுக்கப் பயிற்சி அளிக்கவேண்டும் என்பதோடு, வேலைத்தல ஆபத்துக்களை மதிப்பிடுவதில் அப்பணியாளரும் பங்குகொள்ள வேண்டும் எனவும் அது பணிக்கின்றது.

பொறியின் வடிவிலும் இந்நெறி இடம்பெறுதல் வேண்டும். உழைப்போர் அதன் ஆக்கத்திற் பங்காளராகவும், பயிற்சிப் பதிவு பயில்வோருக்கே உரியதாகவும் அமைதல் இன்றியமையாதது. அங்ஙனம் அமையும் பொறியே கற்பிப்பதாகும். ஏனையது, கற்பித்தல் என்னும் பெயரால் வேலை வாங்குவதாகும்.