பந்தயமும் பாடும்

வேகமாகப் போவதும் ஒழுக்கம் சம்பந்தப்பட்ட காரியம்தான் என்று எனக்குப் பதினேழு வயதில் தெரிந்தது. தெரிந்த விதம் கௌரவமானதல்ல. இவ்வளவு காலம் கழித்து அதை எழுத உட்காருவதற்குக் காரணம், சென்ற மாதம் கும்மிடிப்பூண்டியில் எங்கள் வங்கிக் கிளைக்கு ஒரு மீனவர் அவுட்போர்டு இன்ஜின் வாங்கக் கடன் கேட்டு வந்தார். இப்போது இருப்பது ஓடவில்லையா என்று கேட்டேன். "ஓடுது சார். மத்தவங்களுது இன்னும் வேகமா ஓடுது" என்றார். நியாயமான பதில். ஆனால் அந்த விண்ணப்பத்தை அன்று என்னால் பார்த்து முடிக்க முடியவில்லை.

அப்பா சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். அம்மாவின் ஊர் பழவேற்காட்டு ஏரிக்கரையில் ஒரு குப்பம். பள்ளி விடுமுறைகள் முழுக்க அங்கே, மாமா வீட்டில். ஏரி என்று சொன்னாலும் அது காயல். இந்தியாவில் சில்காவுக்கு அடுத்த பெரிய உவர்நீர்க் காயல். பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்கிறது, தென்முனை நம்முடையது. ஆரணி ஆறும் காளங்கியும் கொண்டுவரும் நன்னீரும், முகத்துவாரம் வழியாக ஏறி இறங்கும் கடல்நீரும் அதில் கலக்கின்றன. ஆழம் கிடையாது. பல இடங்களில் இறங்கி நின்றால் தண்ணீர் இடுப்புக்கு மேல் வராது. கடலிலிருந்து உள்ளே வரும் இறால் குஞ்சுகள் ஏரியில் வளர்ந்து, நீர் வடியும்போது கடலுக்குத் திரும்பும். அந்த வழியில், முகத்துவாரத்துக்குப் பக்கத்தில், கழி நட்டுச் சுத்து வலை கட்டினால் இரவில் இறால் தானாக வந்து விழும். துரத்திப் பிடிக்கிற வேலை இல்லை. சரியான இடத்தில் இருந்தால் போதும். சரியான இடங்கள் கொஞ்சம்; அங்கே இருக்க விரும்புகிறவர்கள் அதிகம்.

இதற்குப் பட்டினவர் குப்பங்கள் கண்ட வழிக்குப் பாடு என்று பெயர். தலைக்கட்டுக் கணக்கில் உரிமை உள்ளவர்களின் பட்டியல் ஒன்று. சீட்டுக் குலுக்கி முறை பிரிப்பார்கள். நல்ல இடம் ஒருவனிடமே தங்காது, மோசமான இடமும் தங்காது. முறை சுற்றி வரும். இன்று உனக்கு, நாளை அவனுக்கு. திறமைசாலிக்குச் சலுகை இல்லை, விடியுமுன் எழுந்து போகிறவனுக்கும் சலுகை இல்லை.

பாடு என்ற சொல்லை நான் வெகுநாள் யோசித்திருக்கிறேன். படுகிற கஷ்டமும் பாடு, உழைப்பும் பாடு, ஒருவனுக்கு என்று விதித்ததும் பாடு. 'அவன் பாடு அவனுக்கு' என்று அலட்சியமாகவும் சொல்கிறோம். ஏரிக்காரர்கள் இந்த அர்த்தங்களையெல்லாம் வைத்துக்கொண்டே அதை ஒரு நீதிமுறைக்குப் பெயராக ஆக்கியிருக்கிறார்கள். உன் கஷ்டமும் உன் பங்கும் உன் முறையும் ஒன்று என்பது அதில் பொதிந்திருக்கும் தத்துவம். இதே மாதிரி ஓர் ஏற்பாட்டை எலினார் ஆஸ்ட்ரம் 1990இல் வெளிவந்த தம் நூலில் பேசுகிறார். துருக்கியில் அலன்யா என்ற ஊரின் மீனவர்கள் செப்டம்பரில் சீட்டெடுத்து இடம் பிரித்துக்கொண்டு, தினம் ஓர் இடமாக நகர்ந்துபோவார்கள். அவருக்கு 2009இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. என் மாமாவுக்கு அலன்யா தெரியாது. யாரும் யாரையும் முந்த வேண்டிய அவசியமில்லாத ஓர் ஏற்பாடு சாத்தியம் என்று மட்டும் தெரியும். அதை அவர் ஒரு பெரிய விஷயமாக நினைத்ததும் இல்லை.

2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு கரையெங்கும் ஃபைபர் படகுகள் வந்தன, கூடவே இன்ஜின்கள். கழி ஊன்றியும் பாய் கட்டியும் போன வயதானவர்கள் அவற்றைத் தொழிலுக்கு வைத்துக்கொண்டார்கள். இளைஞர்களுக்கு அது வேறு பொருளாகத் தெரிந்தது. 2006 காணும் பொங்கலன்று ஐந்து படகுகள் பந்தயம் விட்டன. கரையிலிருந்து முகத்துவாரம் வரை போய், நட்டு வைத்த ஒரு கொடியைச் சுற்றித் திரும்ப வேண்டும். பரிசு ஓர் எவர்சில்வர் அண்டா.

மாமா மகன் இன்ஜினைப் பிடித்தான். நான் அணியத்தில். எனக்குக் கொடுத்த வேலை ஒன்றுதான்: முன்னால் பார்ப்பது. வலையோ கழியோ தென்பட்டால் கையைத் தூக்க வேண்டும்.

அந்த வேகத்தின் இன்பத்தை நான் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. குறைத்துச் சொல்வது இந்த விசாரத்தையே பொய்யாக்கிவிடும். படகின் முன்பாதி தண்ணீரை விட்டு எழும்பிவிட்டது. அடிப்பலகையில் தண்ணீர் கல்லைப் போல மோதியது. பக்கத்துப் படகு ஒரு கை நீளம் முன்னே, பிறகு சமமாக. உடம்பு முழுவதும் ஒரே ஒரு விருப்பமாக ஆகிவிட்டிருந்தது. படித்த எந்தக் கவிதையும் அதுவரை எனக்குத் தராத ஒருமுனைப்பு அது. அப்போதுதான் மிதவைகளைப் பார்த்தேன். அன்று இரவுப் பாட்டுக்காக யாரோ முன்கூட்டியே வலை கட்டியிருந்தார்கள். கையைத் தூக்கினால் அவன் வேகத்தைக் குறைப்பான், பக்கத்துப் படகு போய்விடும். கை தூக்கப் போதுமான நேரம் இருந்தது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தூக்கவில்லை. வலையைக் கிழித்துக்கொண்டு போனோம். அண்டா எங்களுக்குக் கிடைத்தது.

அன்றே பஞ்சாயத்துக் கூடியது. முன்னால் பார்த்தது யார் என்று கேட்டார்கள். வெயில் கண்ணைக் கூசியது என்றேன். பழவேற்காட்டில் மாலை நேரத்தில் முகத்துவாரத்தை நோக்கிப் போகிற படகில் வெயில் முதுகில்தான் அடிக்கும். கூடியிருந்த ஒவ்வொருவருக்கும் அது தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை. நான் ஊரில் பெண்ணெடுத்த வீட்டுப் பிள்ளை, விருந்தாளி. வலைக்கு உண்டான பணத்தை மாமா ஒப்புக்கொண்டார். பிறகு, கேட்காமலே, "என் பாட்டை அவருக்கு வுட்டுர்றேன்" என்றார்.

வலைக்காரர் வயதானவர், இருமல்காரர். பணத்துக்குத் தலையாட்டினார். பாட்டை மறுத்துவிட்டார். "பாடு இன்னா கைமாத்தா, வாங்கிட்டுத் திருப்பறதுக்கு? உன்து உனக்கு. என்து போச்சு." அவ்வளவுதான். எழுந்து போய்விட்டார்.

பிற்பாடு வங்கியில் சேர்ந்த பிறகுதான் அந்த வாக்கியத்தின் கனம் எனக்குப் புரியத் தொடங்கியது. நான் தினமும் செய்கிற தொழிலுக்கு அடிப்படையே, ஒருவனுடைய காலத்தை இன்னொருவனுடைய காலத்துக்கு மாற்றலாம் என்பதுதான். வட்டி என்றால் வேறென்ன? இன்றைய நூறு ரூபாய்க்கு அடுத்த ஆண்டு இவ்வளவு. இழந்தது எதுவானாலும் அதற்குச் சமமான ஒன்று உண்டு என்று நாங்கள் நம்புகிறோம். நம்பாவிட்டால் கவுண்டரைத் திறக்க முடியாது. கிழவர் அதை ஏற்கவில்லை. வலைக்குச் சமமானது உண்டு, முறைக்குச் சமமானது கிடையாது. மாமாவின் பாட்டை அவர் வாங்கியிருந்தால் நான் செய்த தவறு பட்டியலில் ஓரிடம் நகர்ந்து மாமா தலையில் விழுந்திருக்கும், அழிந்திருக்காது. அதைத் தன்னிடமே நிறுத்திக்கொண்டார். அது பெருந்தன்மையா, பிடிவாதமா, என்னைப் போன்றவனுக்குத் தரத் தெரிந்த ஒரே தண்டனையா என்று இன்றுவரை எனக்குத் தீர்மானமில்லை.

கல்லூரியில் ரஸ்கின் பாடமாக இருந்தார். 1872 முதல் 1900இல் இறக்கும் வரை அவர் வடக்கு இங்கிலாந்தில் கோனிஸ்டன் ஏரிக்கரையில் வாழ்ந்தவர். 'கடையனுக்கும் கதிமோட்சம்' என்று நாம் அறிந்திருக்கும் நூலை அதற்கு முன்பே எழுதிவிட்டார். கடைசியாக வேலைக்கு வந்தவனுக்கும் முதலில் வந்தவனுக்குக் கொடுத்த கூலியையே கொடுத்த பைபிள் எஜமானனிடமிருந்து அதன் தலைப்பு. காந்தி 1904இல் ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்குப் போன ரயிலில் அதைப் படித்து வாழ்க்கையை மாற்றிக்கொண்டார். அதே கோனிஸ்டன் ஏரியில்தான் 1967 ஜனவரி 4 அன்று டொனால்ட் கேம்பெல், புளூபேர்ட் என்ற ஜெட் படகில் மணிக்கு 300 மைல் என்ற எல்லையைத் தாண்ட முயன்று இறந்தார். சாதனையாகக் கொள்ள வேண்டுமானால் ஏரியில் போகவும் வரவும் இரண்டு முறை ஓட வேண்டும். போனபோது எழுந்த அலைகள் அடங்கக் காத்திராமல் அவர் உடனே திரும்பினார். தன் படகு எழுப்பிய அலையே அவரைக் கவிழ்த்ததா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. உடலும் படகும் 2001இல்தான் மேலே எடுக்கப்பட்டன.

ஒரே ஏரிக்கரையில் கடையனைப் பற்றி யோசித்த ஒருவரும், முதல்வனாக இருப்பதற்காக உயிரைக் கொடுத்த ஒருவரும். இதில் ரஸ்கினை உயர்த்திக் கேம்பெல்லைத் தாழ்த்துவது எளிது. எனக்கு அந்த உரிமை இல்லை. கேம்பெல்லின் அலை யாரையாவது தொட்டது என்றால் அவரையே தொட்டது. என் அலை இருமல்காரர் ஒருவரின் இரவைத் தொட்டது. வேகத்தைப் பற்றிய ஒழுக்கக் கேள்வி இங்கேதான் பிறக்கிறது என்று நினைக்கிறேன். எவ்வளவு வேகம் என்பது பொறியியல். பின்னால் எழும் அலை யார்மேல் போய் மோதுகிறது என்பதைத்தான் நாம் விசாரிக்க வேண்டும். 2018 நவம்பரில் விஜயவாடாவில் கிருஷ்ணை ஆற்றின்மேல் உலக ஃபார்முலா 1 விசைப்படகுப் பந்தயம் நடந்தபோது தொலைக்காட்சியில் பார்த்தேன். அழகான காட்சி என்பதில் ஐயமில்லை. படகுகளைவிட, அவை போன பிறகு கரையில் வந்து அடங்குகிற தண்ணீரைத்தான் என் கண் தேடிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் கட்டுரையை முடித்தால் பாட்டைச் சொர்க்கமாக்கிய குற்றம் எனக்கு வரும். பாட்டுப் பட்டியலில் எல்லோரும் இல்லை. சாதி உண்டு, ஊர் உண்டு. ஆண்களுக்கு மட்டும் அதில் இடம். ஏரி ஓரத்துச் சேற்றில் இருளர் பெண்கள் கையால் தடவித் தடவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போடும் பறியைப் பல்லால் கவ்விக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு முறையும் இல்லை, பந்தயமும் இல்லை. தலைக்கட்டுக்காரர்கள் தங்களுக்குள் அப்பழுக்கில்லாத நியாயத்தைக் கடைப்பிடித்த அதே தண்ணீரில்தான் அவர்கள் கழுத்தளவு நின்றார்கள். பந்தயத்துக்கு ஆதரவாகச் சொல்லத் தக்க ஒரே வாதம் இதுதான்: இன்ஜினுக்குச் சாதி தெரியாது. ஆனால் இன்ஜின் வாங்கப் பணம் வேண்டும், பணத்துக்கு ஜாமீன் வேண்டும். அந்த ஜாமீன் யாரிடம் இருக்கிறது என்று தினமும் பார்க்கிற இடத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பெண்களில் ஒருவர்கூட என் கவுண்டருக்கு இன்ஜின் கேட்டு வந்ததில்லை.

ஆக, பாட்டின் குறை, அதன் பட்டியல் சிறியது என்பது. பந்தயத்தின் குறையை அப்படிப் பட்டியலை நீட்டித் தீர்க்க முடியாது. எத்தனை பேரைச் சேர்த்துக்கொண்டாலும் கடைசியில் ஒருவன் வர வேண்டும். நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். நின்றுகொண்டு என்ன செய்தேன் என்று கேட்டால் சொல்ல அதிகமில்லை. அந்த மீனவரின் விண்ணப்பத்தை மறுநாள் ஒழுங்காகப் பார்த்து மேலே அனுப்பினேன். அவருடைய முறையைத் தடுக்க எனக்கு அதிகாரமில்லை; அவர் ஏன் முந்த வேண்டியிருக்கிறது என்பதற்கான விடை அந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்திலும் இல்லை.

அண்டா அம்மாவிடம் இருக்கிறது. அரிசி போட்டு வைத்திருக்கிறாள். அளந்து எடுக்கும்போது சில சமயம், "இது நீ ஜெயிச்சதுடா" என்பாள். வெயில் எந்தப் பக்கம் அடித்தது என்று ஏரிக்கரையில் பிறந்த அவளுக்கும் தெரியாமல் இருக்காது.