உன் பெயரை நீயே அடிக்காதே

பிள்ளை, பேனாவைக் கீழே வை. லண்டனில் ஹாரோவிலோ வெம்பிளியிலோ ஈஸ்ட் ஹாமிலோ உட்கார்ந்து சிக்ஸ்த் ஃபார்முக்கு, அதாவது பன்னிரண்டாம், பதின்மூன்றாம் ஆண்டுப் படிப்புக்கு, விண்ணப்பிக்கப் பள்ளிகளைப் பட்டியல் போட்டாய். அதில் நல்ல பெயருள்ள கத்தோலிக்கப் பள்ளியை மட்டும் ஒரே கோட்டில் அடித்தாயே, யாரைக் கேட்டு அடித்தாய்? அந்தப் பள்ளி உன்னை வேண்டாம் என்றதா? உன் விண்ணப்பத்தை அது இன்னும் கண்ணால்கூடக் காணவில்லை. பள்ளி சொல்லாத "இல்லை"யை அதற்குப் பதிலாக நீ சொல்லிக்கொண்டாய்.

பெரியப்பா சொல்லியிருப்பார்: "அது வேதக்காரரின்ர பள்ளிக்கூடம், எங்கட பிள்ளைக்குத் தரமாட்டாங்கள்." மாமி சொல்லியிருப்பார்: "உள்ளுக்குப் படிக்கிற பிள்ளையளுக்குத்தான் இடம்." கலியாண வீட்டில் யாரோ காதோடு சொல்லியிருப்பார்: "ஃபாதரைப் பிடிச்சால்தான் அலுவல் நடக்கும்." எல்லோரும் உன்மேல் அன்புள்ளவர்கள்தான். சேர்க்கை விதிகளை ஒருமுறைகூடத் திறந்து பார்க்காதவர்களும்தான். அன்பு வேறு, தகவல் வேறு. பதினாறு வயதில் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாவிட்டால் பிறகு எப்போது?

இங்கிலாந்தில் அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளிகள் யாரை எப்படிச் சேர்க்க வேண்டும் என்பதற்கு எழுதப்பட்ட விதிக்கோவை ஒன்று இருக்கிறது. 2021 செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்தது. சிலுவை வைத்த பள்ளியும் அதற்குக் கட்டுப்பட்டதுதான். அதில் சமயப் பள்ளிகளைப் பற்றி ஒரு விதி உண்டு, அதை நெஞ்சில் எழுதிக்கொள். இடம் இருக்குமானால், விண்ணப்பித்த பிள்ளை அந்தச் சமயத்தவரா, வேறு சமயத்தவரா, சமயமே இல்லாதவரா என்று பாராமல் இடம் கொடுத்தே ஆக வேண்டும். அது பள்ளி உனக்குக் காட்டும் தயவன்று, பள்ளியின் கடமை.

அப்படியானால் சமயத்துக்கு அங்கே வேலையே இல்லையா? இருக்கிறது. இடத்தைவிட விண்ணப்பம் மிகும்போது யார் முன்னே, யார் பின்னே என்று பள்ளி ஒரு வரிசை வைத்திருக்கும். பெரும்பாலும் அரசின் பராமரிப்பில் வளரும், வளர்ந்த பிள்ளைகள் முன்னே நிற்பார்கள். பிறகு ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகும் கத்தோலிக்கர், மற்றக் கத்தோலிக்கர், பிற கிறிஸ்தவர், பிற சமயத்தார், எஞ்சியவர்கள் என்று இறங்கும். பள்ளிக்குப் பள்ளி இது மாறும், அந்தந்தப் பள்ளியின் சேர்க்கைக் கொள்கையில் அச்சாகியிருக்கும். ஆனால் கவனி: இந்த வரிசைக்குள் நிற்கவே முதலில் மதிப்பெண் தகுதி வேண்டும். பதினொரு வயதில் அந்த வாசலில் நின்ற கூட்டம் முழுவதும் பதினாறு வயதில் நிற்பதில்லை. பலர் வேறு கல்லூரிகளுக்குப் போய்விடுவார்கள், சிலருக்குத் தேவையான தரம் வராது. பதினொரு வயதில் உனக்கு மூடியிருந்த கதவு இன்னும் மூடித்தான் இருக்கிறது என்று தட்டிப் பார்க்காமலே முடிவு கட்டாதே. பெண்பிள்ளைகளுக்கு இன்னொரு செய்தி. ஆண்களுக்கு மட்டும் என்று நீ நினைத்திருக்கும் சில பள்ளிகள் சிக்ஸ்த் ஃபார்மில் பெண்களையும் சேர்க்கின்றன. லண்டன் ஓரட்டரி பள்ளி அவற்றில் ஒன்று.

வால்சிங்கம் மாதாவைப் பார்க்க ஒவ்வோர் ஆண்டும் கோடையில் தமிழர்கள் பேருந்து பேருந்தாக நோர்ஃபோக்குக்குப் போகிறார்கள். அந்தக் கூட்டத்தில் திருநீறு பூசிய நெற்றிகளும் உண்டு. மாதாவின் முன்னால் போய் நிற்கக் கூசாத குடும்பம், பள்ளி அலுவலகத்தின் முன்னால் நிற்க மட்டும் ஏன் கூசுகிறது?

அந்தக் கத்தோலிக்கப் பள்ளிகளைக் கட்டியவர்கள் யார் தெரியுமா? இந்த நாட்டில் கத்தோலிக்கருக்கு நாடாளுமன்றத்தில் அமரும் உரிமையே 1829இல்தான் கிடைத்தது. 1840களில் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகியபோது, பசியோடு கப்பலேறி லிவர்பூலிலும் மான்செஸ்டரிலும் லண்டனிலும் வந்து இறங்கிய ஏழைகளை இந்த நாடு ஒன்றும் மாலை போட்டு வரவேற்கவில்லை. அவர்களின் சில்லறைக் காசில் எழுந்தவை அந்தக் கட்டடங்கள். 1852இல் வெஸ்ட்மின்ஸ்டர் திருச்சபை மாகாண மன்றத்தில் கூடிய கத்தோலிக்க ஆயர்கள், கோயில் கட்டுவதைவிடப் பள்ளி கட்டுவதை முதலில் வைக்கச் சொன்னார்கள். 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்துக்குப் பிறகும், தன்னுரிமையை விட்டுக்கொடுக்காத பள்ளிகள் கட்டடச் செலவில் பாதியைத் தாமே சுமந்தன. அந்தப் பங்கு படிப்படியாகக் குறைந்து இன்று 10 சதவீதத்தில் நிற்கிறது. இங்கே அரசு நிதியில் நடக்கும் பள்ளிகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்று கத்தோலிக்கப் பள்ளி. வந்தேறிகள் என்று ஏசப்பட்டவர்கள் தம் பிள்ளைகளுக்காகக் கட்டிய பள்ளி அது. அகதியின் பிள்ளையான உனக்கு அந்த வாசலில் நிற்கக் கூச்சமா?

இனி மாமியின் கதைக்கு வருவோம். அதில் பாதி உண்மை இருக்கிறது. அதே பள்ளியில் பதினோராம் ஆண்டுவரை படித்தவர்கள் தகுதி பெற்றால் பன்னிரண்டாம் ஆண்டுக்கு ஏறிவிடுவார்கள், அவர்கள் புதிதாகச் சேர வேண்டியதில்லை. வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு எத்தனை இடம் என்று பள்ளி தனியாக ஓர் எண்ணை அறிவிக்க வேண்டும். அந்த எண்ணைத் தேடிப் பிடி, உன் போட்டி அதற்குள்தான். மாமி சொல்லாத மறுபாதியையும் கேள்: மதிப்பெண் தகுதி உள்ளே இருப்பவருக்கும் வெளியே இருப்பவருக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும். உள்ளே படிக்கும் பிள்ளைக்குத் தரம் 5, உனக்கு 7 என்று வைக்க எந்தப் பள்ளிக்கும் உரிமை கிடையாது.

நேர்முகத்துக்குப் பயந்து விண்ணப்பிக்காமல் விடுகிறவர்கள் அநேகர். என் ஆங்கிலம் தடுமாறும், சட்டை கசங்கியிருக்கும், அப்பா என்ன வேலை என்று கேட்பார்கள் என்றெல்லாம் பயம். கேட்கக் கூடாது! பள்ளியின் சிக்ஸ்த் ஃபார்முக்கு நேர்முகம் வைத்து இடம் தீர்மானிப்பதை அந்த விதிக்கோவை தடை செய்கிறது. எந்தப் பாடம் எடுக்கலாம் என்று பேச உன்னை அழைக்கலாம். அந்தப் பேச்சை வைத்து இடம் உண்டு, இல்லை என்று முடிவெடுக்கக் கூடாது. பெற்றோரின் வேலையையோ வருமானத்தையோ படிப்பையோ பார்த்து முன்னுரிமை தரக் கூடாது. வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று படிவத்தில் கேட்கவே கூடாது. பழைய பள்ளியில் நீ எப்படி நடந்துகொண்டாய் என்ற அறிக்கையைக் கணக்கில் எடுக்கக் கூடாது. சேர்க்கையின் எந்தக் கட்டத்திலும் நன்கொடை கேட்கக் கூடாது. ஊர்ப் பழக்கத்தில் "எவ்வளவு குடுக்க வேணும்?" என்று அப்பா தொடங்கினால், மெதுவாக அவர் கையைப் பிடித்து நிறுத்து.

ஒரு விலக்கைச் சொல்லாமல் விட்டால் நான் உன்னை ஏமாற்றியவன் ஆவேன். பள்ளியோடு ஒட்டிய சிக்ஸ்த் ஃபார்ம் வேறு, தனியே நிற்கும் சிக்ஸ்த் ஃபார்ம் கல்லூரி வேறு. ஹாரோ-ஆன்-த-ஹில்லில் உள்ள செயின்ட் டொமினிக்ஸ், கிளாபமில் உள்ள செயின்ட் பிரான்சிஸ் சேவியர், மான்செஸ்டரின் லொரேட்டோ, சேவேரியன் ஆகியவை கத்தோலிக்கக் கல்லூரிகள். பள்ளிகளுக்கான அந்த விதிக்கோவை இவற்றைக் கட்டுப்படுத்தாது. இவை தமக்கென்று சேர்க்கைக் கொள்கை வைத்திருக்கின்றன, நேர்முகத்துக்கும் அழைக்கலாம். அழைத்தால் போ! கவுன்சில் கடிதத்தையும் மருத்துவமனைக் கடிதத்தையும் பத்து வயதிலிருந்து அம்மாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்ன வாய் உன்னுடையது. உனக்குப் பிடித்த பாடத்தைப் பற்றி பதினைந்து நிமிடம் பேச அந்த வாய்க்கு என்ன தடை?

கத்தோலிக்கப் பிள்ளைகளே, உங்களிடம் கொஞ்சம் கடுமையாகவே பேச வேண்டியிருக்கிறது. வெஸ்ட்மின்ஸ்டர் மறைமாவட்டத்துப் பள்ளிகள் பலவும் கேட்கும் சான்றிதழ் ஒன்று உண்டு, நடைமுறைக் கத்தோலிக்கர் என்பதற்குப் பங்குத்தந்தை கையெழுத்திட்டுத் தருவது. பிள்ளையும், கத்தோலிக்கரான தாய் தந்தையரில் ஒருவராவதும் குறைந்தது ஐந்து ஆண்டுகள் ஞாயிறுகளிலும் கடன் திருநாள்களிலும் திருப்பலிக்கு வந்திருக்கிறார்கள் என்று அவர் மனநிறைவு அடைந்தால்தான் கையெழுத்து. பத்தாம் ஆண்டு முடிகிற நேரத்தில் திடீரென்று முன்வரிசையில் முழந்தாளிடும் குடும்பங்களை எந்தப் பங்குத்தந்தையும் கண்டுகொள்வார். "ஃபாதரைப் பிடிப்பது" என்பது இதுதான்: ஐந்து வருட ஞாயிறுகள். நீ உண்மையிலேயே போய்வந்த பிள்ளை என்றால், பின்வரிசையில் ஒளிந்திருந்தது போதும். போய் உன் பெயரைச் சொல், பங்குத்தந்தை உன் முகத்தை அறியட்டும். தமிழ்ப் பூசைக்கு ஒரு கோயிலும் ஆங்கிலப் பூசைக்கு வேறொரு கோயிலுமாகப் போகும் குடும்பமானால், யார் கையெழுத்திடுவார் என்பதை இலையுதிர் காலத்திலேயே பேசித் தீர்த்துவிடு. ஞானஸ்நானச் சான்றிதழ் மன்னாரிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கிறதா? ஞானஸ்நானம் நடந்த கோயிலின் பதிவேட்டிலிருந்து புதிய பிரதி கேட்டுப் பெறலாம். அதற்கு வாரங்கள் ஆகும். கடைசித் தேதிக்கு முதல்நாள் வட்ஸ்அப்பில் சித்தப்பாவை எழுப்பி அழுது பயனில்லை.

இனி உன் கையில் இருப்பது. ஜி.சி.எஸ்.இ. தரங்கள் 9 முதல் 1 வரை. பல பள்ளிகள் ஆங்கிலமும் கணிதமும் உட்பட ஐந்து பாடங்களில் 5 கேட்கும். அதற்குமேல், ஏ லெவலில் எடுக்கப்போகும் பாடத்துக்கு 6 கேட்கும், கணிதம் போன்றவற்றுக்கு 7கூடக் கேட்கும். இலையுதிர் காலத்தில் அறிமுக மாலைகள், குளிர்காலத்தில் கடைசித் தேதி, வசந்தத்தில் நிபந்தனையோடு ஓர் இடம், ஆகஸ்டில் பெறுபேறு. நாடு முழுவதற்கும் ஒரே கடைசித் தேதி கிடையாது, ஒவ்வொரு பள்ளிக்கும் தனித்தனி. ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களுக்கு விண்ணப்பிப்பதில் தவறே இல்லை. மாதிரித் தேர்வில் 5 வந்தது என்று அழுகிறாயா? நிபந்தனை கேட்பது ஆகஸ்டில் வரும் 7 என்ற தரத்தை. நடுவில் உள்ள மாதங்கள் உன்னுடையவை. காலை ஐந்து மணிக்கு எழு, தெரியாத கேள்வியைத் தூக்கிக்கொண்டு ஆசிரியரின் கதவைத் தட்டு! ஒரு தரத்துக்கும் அடுத்த தரத்துக்கும் இடையில் இருப்பது பெரும்பாலும் சில மதிப்பெண்கள்தான். அந்தச் சில மதிப்பெண்களைச் சாதியும் தராது, சமயமும் தராது, மாமாவின் காரும் தராது.

பணத்தைக் காட்டி யாராவது உன்னை மிரட்டினால் சொல்: லண்டனில் வசிக்கும் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைக்கு ஸிப் ஆய்ஸ்டர் அட்டையில் பேருந்து இலவசம், வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைக்கு 16 முதல் 19 வயதுக்கான உதவி நிதியும் உண்டு.

உள்ளே போனபிறகும் முதுகு வளையாதே. 2017இல் லண்டனின் தென்கிழக்கில் ஓர்ப்பிங்டனில் செயின்ட் ஓலாவ்ஸ் என்ற பெயர்போன பள்ளி, பன்னிரண்டாம் ஆண்டில் தரம் குறைந்த மாணவர்களைப் பதின்மூன்றாம் ஆண்டுக்கு வர வேண்டாம் என்றது. அது ஆங்கிலிக்கன் பள்ளி, ஆனால் கதை எல்லாப் பள்ளிக்கும் பொதுவானது. பெற்றோர் நீதிமன்றம் போனார்கள். பள்ளி அந்த விதியைக் கைவிட்டு மாணவர்களைத் திரும்ப அழைத்தது. எத்தனை தலைமுறை மாணவர்கள் அதற்குமுன் சத்தமில்லாமல் வெளியேறியிருப்பார்கள் என்று எண்ணும்போது எனக்கு ஆத்திரம் வருகிறது. இடம் கேட்கும் கட்டத்திலும் அப்படித்தான்: சேர்க்கைக் கொள்கையிலேயே பிழை இருந்தால், அதை எதிர்த்து மே 15க்குள் பள்ளிச் சேர்க்கை நடுவரிடம் முறையிடலாம். அதற்கு வக்கீல் தேவையில்லை.

இத்தனைக்கும் பிறகு மறுப்புக் கடிதம் வந்தால்? அதை அம்மாவின் கைப்பையில் ஒளித்து வைக்காதே. பள்ளியின் சிக்ஸ்த் ஃபார்ம் என்றால் பெற்றோருக்கும் மேன்முறையீட்டு உரிமை உண்டு, மாணவனான உனக்கும் உண்டு. கடிதம் வந்ததிலிருந்து குறைந்தது 20 பள்ளி நாள்கள் அவகாசம் தர வேண்டும். கேட்பது பள்ளியின் ஆட்கள் அல்லர், குறைந்தது மூவர் கொண்ட சுதந்திரமான குழு. நீ கெட்டிக்காரனா என்று அவர்கள் தாமாக அளக்க மாட்டார்கள். தகுதி இல்லை என்று பள்ளி எடுத்த முடிவு, அதன் கையிலிருந்த தகவலுக்கு நியாயமானதா என்றுதான் பார்ப்பார்கள். அதனால் கண்ணீரைவிடக் காகிதம் அங்கே வலியது. தேர்வு மாதத்தில் நீ மருத்துவமனையில் இருந்தாயா, தரத்தைப் பிழையாகப் பதிந்தார்களா, வரிசையில் உன்னைத் தவறான இடத்தில் வைத்தார்களா, எல்லாவற்றுக்கும் ஆவணம் கொண்டுபோ. இடம் போதாது என்று பள்ளி சொன்னால், நீ கேட்கும் பாடக்கூட்டு அருகில் எங்கும் இல்லை என்பதை மற்றப் பள்ளிகளின் பாடப்பட்டியலோடு காட்டு. அவர்கள் உனக்குச் சார்பாக முடிவெடுத்தால் பள்ளி அதற்குக் கட்டுப்பட வேண்டும்.

பெறுபேற்றைப் பொறுத்த இடம் என்றால், பெறுபேறு உறுதியானதிலிருந்து 30 பள்ளி நாள்களுக்குள் விசாரணை நடக்க வேண்டும். அப்படியென்றால் அக்டோபர் நடுப்பகுதிவரை போகலாம். அதுவரை வீட்டில் படுத்திருக்காதே. உனக்கு இடம் தந்த இன்னொரு பள்ளியில் செப்டெம்பர் முதல் நாளே போய் உட்கார். அதே பாடங்களை எடு, வீட்டுப்பாடத்தில் ஒன்றையும் விடாதே. விசாரணைக்கு அழைக்கும் நாளில் அந்தக் கொப்பிகளையும் கையோடு எடுத்துக்கொண்டு போ.