காற்றுப்பையும் கருணையும்

குளத்து நீரின் நடுவே கெண்டை ஒன்று துடுப்பை லேசாக அசைத்தபடி நிற்கிறது. அமிழ்வதுமில்லை, மேலே வந்து மிதப்பதுமில்லை. முதுகெலும்புக்குக் கீழே உள்ள காற்றுப்பையின் வேலை அது. கடலோரத்தில் இதை நெட்டி என்பார்கள். ஆழம் கூடினால் நீரழுத்தம் பையைச் சுருக்கும். மீன் வாயுவைக் கூட்டியும் குறைத்தும் தன் நிலையைக் காத்துக்கொள்ளும். கெண்டைக்கு இதே பை காதுக்கும் துணை. ஒலி பட்டுப் பை அதிர, அந்த அதிர்வைச் சின்னஞ்சிறு எலும்புகள் உட்காதுக்குக் கொண்டுசேர்க்கின்றன. இத்தனை கச்சிதமான உறுப்பு, செய்தவன் ஒருவன் இல்லாமல் வந்திருக்குமா? ஆத்திகர் கேட்கும் இந்தக் கேள்வியை ஏளனமாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் உலகைப் படைத்த கடவுள் உண்டு என்பதை ஏற்காமலேயே, கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட சமயம் ஒன்று செஞ்சி வட்டாரத்தில் பல நூற்றாண்டுகளாக வாழ்கிறது. திருநாதர்குன்றின் பாறையில் 24 தீர்த்தங்கரர்களும் இரண்டு வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் கல்வெட்டும் அங்கேதான் உள்ளது. பக்கத்து மேல்சித்தாமூரில் சமண மடம் இன்றும் இயங்குகிறது.

காற்றுப்பையின் வரலாறு சமணர் பக்கமே சாய்கிறது. மீனின் காற்றுப்பைதான் நுரையீரலாக மாறியது என்று 1859இல் டார்வின் எழுதினார். இன்றைய ஆய்வு அதைத் திருப்பிப் போட்டுவிட்டது: பழைய எலும்பு மீன்களுக்கு முதலில் இருந்தது நுரையீரல், அதிலிருந்து பிறந்ததே காற்றுப்பை. கெண்டையின் பையிலிருந்து உணவுக்குழலுக்குப் போகும் குழாய் அந்தப் பழைய உறவின் அடையாளம். ஜிலேபிக் கெண்டைக்கு வளர்ந்தபின் அந்தக் குழாய் கிடையாது. ரத்தத்தின் வழியாகவே வாயு பைக்குள் வந்து போகிறது. சுறாவுக்குப் பையே இல்லை. ஈரலில் உள்ள எண்ணெய் அதன் கனத்தைக் குறைக்கிறது. இருந்ததை வளைத்துப் புதுவேலைக்குப் பயன்படுத்திய கதை இது. பரிணாமத்தையே இறைவன் கருவியாகக் கொண்டிருக்கலாமே என்றால், கொண்டிருக்கலாம். ஆனால் அப்போது நம்பிக்கைக்கு வேறு ஆதாரம் தேட வேண்டும். உறுப்பின் கச்சிதம் சாட்சியாகாது.

படைத்தவன் இல்லையென்றால் மீனிடம் நமக்கென்ன கடமை என்பது அடுத்த கேள்வி. தொட்டியில் வளர்க்கும் உருண்டைத் தங்கமீனைப் பாருங்கள். அழகுக்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்த்து மனிதன் அதன் உடலைக் குறுக்கினான், உள்ளுறுப்புகள் நெருக்குண்டன. மலச்சிக்கலோ தொற்றோ வந்து பையின் சமநிலை கெட்டால் அது வயிறு மேலாகப் புரண்டு மிதக்கிறது, அல்லது அடியில் கிடக்கிறது. நிமிரப் போராடுகிறது, இரையை எட்ட முடிவதில்லை. மீனுக்கு வலி உண்டா என்ற வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நீந்தப் பிறந்த உயிர் நீந்த முடியாமல் கிடப்பதே கேடுதான். அது அந்த மீனின் வினை என்று சிலர் சொல்லக்கூடும். வினைக்கொள்கையைக் கரைகண்ட சமணரே அப்படித் தப்பிக்க இடம் தருவதில்லை. மீன் அவர்கள் கணக்கில் ஐம்புலனும் உள்ள உயிர். அதன் வினை அதற்கு. அதை வருத்தினால் ஒட்டும் வினை வருத்தியவனுக்கு.

ஆகவே, பொறுப்பு படைத்தவனைத் தேடிப் போவதில்லை. குறுக்கியவனிடமும் அதைக் காசு கொடுத்து வாங்குகிறவனிடமும் வந்து நிற்கிறது. மீன் வளர்க்க ஆசையென்றால் நீண்ட உடல்வாகுள்ள இனத்தை வாங்குங்கள்; இரையை அளவாகப் போடுங்கள், நீரைச் சுத்தமாக வையுங்கள். உருண்டை மீனைக் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். கேட்பார் இல்லாத பொருளை எவரும் உண்டாக்க மாட்டார்கள்.