ஒன்றும் பலவும்

ரசாயனத்தில் வரும் ஒரு சிறு கணக்கு நெடுநாளாக என் சிந்தனையைக் கிளறுகிறது. ஹைட்ரஜன் அணு ஒன்றிலிருந்து அதன் எலெக்ட்ரானைப் பிரித்தெடுக்க 13.6 எலெக்ட்ரான் வோல்ட் சக்தி வேண்டும் என்பது பௌதிகக்காரர் கணக்கு. 1,312 கிலோஜூல் வேண்டும் என்பது ரசாயனக்காரர் கணக்கு. இரண்டும் மெய்தான். முன்னது ஓர் அணுவுக்கு. பின்னது ஒரு மோல் அணுக்களுக்கு, அதாவது ஏறக்குறைய 6-ஐ எழுதி 23 பூஜ்யங்கள் சேர்த்த தொகைக்கு. முன்னதை 96.485-ஆல் பெருக்கினால் பின்னது வந்துவிடும்.

தனி அணுவின் பங்கை எந்தத் தராசிலும் நிறுக்க முடியாது. ஆனால் ஒரு கிராம் எடையுள்ள அத்தனை அணுக்களுக்கும் வேண்டிய சக்தியைக் கொண்டு நாலு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம்!

இதே கணக்கை எங்கள் கொங்கு நாட்டில் நொய்யல் நதி போட்டுக் காட்டியது. திருப்பூரில் பனியன் துணிக்குச் சாயம் ஏற்ற உப்புச் சேர்ப்பார்கள். சாயத்தின் பெரும்பகுதி துணியில் ஏறிவிடும். உப்போ கழிவுநீரோடு போய்விடும். "என் ஒரு தொட்டித் தண்ணீரா ஆற்றைக் கெடுத்துவிடும்?" என்று ஒரு பட்டறைக்காரர் கேட்டால் மறுப்பது கடினம். ஆயினும், பாசனத்துக்காக 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கி, அந்த நீர் பயிருக்கு ஆகாமற் போயிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கூலிக்காரனும் வேலை இழந்தான்.

அப்படியானால் குற்றத்தைத் தலைக்கு இவ்வளவு என்று வகுத்துவிடலாமா? கூடாது என்றே நினைக்கிறேன். ஹைட்ரஜன் அணுக்களில் எதை எடுத்தாலும் அதே 13.6தான். மனிதர்கள் அப்படி அல்லவே! செலவு செய்து நீரைச் சுத்திகரித்தவனுக்கும், இருட்டில் மடையைத் திறந்துவிட்டவனுக்கும் சராசரி ஒரே பங்கைத்தான் கொடுக்கும்.

என் செயலை நிறுக்கும்போது, எல்லோரும் இப்படியே செய்தால் என்ன ஆகும் என்று நான் பெருக்கிப் பார்க்கத்தான் வேண்டும். பிறர்மேல் பழி சுமத்தும்போது மட்டும் வகுத்தல் உதவாது. ஒவ்வொருவனையும் தனித்தனியே விசாரிக்க வேண்டும். அது சிரமமான வேலை. அதனால்தான் பெரும்பாலும் நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்: நம் பங்கை வகுத்துக்கொள்கிறோம், அயலான் பங்கைப் பெருக்கிவிடுகிறோம்.